849 ரூபாய் க்ரீம் கிட்: பெயர் எழுதாத புட்டிகளும் என் மகளின் கண்ணிமையும்

வீட்டிலேயே முகத்துக்கு க்ரீம் செய்துகொள்ளும் கிட் ஒன்றைப் போன மார்ச்சில் ஆன்லைனில் வாங்கினேன். விலை 849 ரூபாய், அனுப்பும் செலவு 60 தனி. கேட்டது என் மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கடை க்ரீமில் என்னென்னவோ கலக்கிறார்கள், நாமே செய்தால் நமக்குத் தெரிந்ததுதான் உள்ளே போகும் என்றாள். அந்த நியாயம் எனக்கும் பிடித்திருந்தது. நான்கு மாதம் கழித்து, அந்தப் பெட்டியில் வந்த பொருட்களை எடை போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்து, எங்கள் இருவர் முகத்தையும் எது கெடுத்தது என்று கண்டுபிடித்த பிறகு இதை எழுதுகிறேன்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பெட்டி, இதே புட்டிகள், ஸ்டிக்கர் மட்டும் வேறாக இன்னும் மூன்று கடைகளில் விற்பதைப் பார்த்துவிட்டேன். அதனால் நான் சொல்வது அந்த ஒரு கடைக்கு மட்டும் பொருந்துவதில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் மீதி புரியும். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேப்பில் 14 வருடமாக இருக்கிறேன். லேப் டிப் (சின்னத் துண்டுத் துணியில் சாயம் ஏற்றிப் பார்ப்பது) போடுவது, ஷேடு ஒப்பிடுவது, சாயமேறிய துணியின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) பார்ப்பது இதெல்லாம் தினசரி வேலை. குழந்தை உடுப்புக்குப் போகும் துணி என்றால், துணியில் கெடுதலான பொருள் இல்லை என்று சான்று தரும் ஓகோ-டெக்ஸ் கணக்குப்படி பிஎச் 4-க்கும் 7.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். கொஞ்சம் ஏறினாலும் லாட்டைத் திரும்ப மெஷினில் ஏற்றி அசிட்டிக் ஆசிட் கொடுத்து இறக்குவோம். வெளிநாட்டில் யாரோ ஒரு குழந்தையின் தோலில் படப்போகும் பனியனுக்கு இவ்வளவு பார்க்கிறோம். என் மகளின் முகத்தில் படப்போவதற்கு அந்தப் பெட்டியை நம்பி ஒன்றுமே பார்க்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

பெட்டியில் இருந்தவை இவை. பாதாம் எண்ணெய் 100 மில்லி, ஷியா பட்டர் 50 கிராம், கிளிசரின் 50 மில்லி, ரோஸ் வாட்டர் 200 மில்லி, வெள்ளைச் செதில்களாக ‘எமல்சிஃபையர்’ (எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிப்பது) 50 கிராம், நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) பொடி 10 கிராம், ‘பிரிசர்வேட்டிவ்’ (க்ரீம் கெடாமல் காப்பது) என்று மட்டும் எழுதிய 15 மில்லி புட்டி, எலுமிச்சை எசென்ஷியல் ஆயில் (எலுமிச்சையிலிருந்து எடுத்த வாசனை எண்ணெய்) 10 மில்லி, மூடியோடு இரண்டு கண்ணாடி டப்பா, ஒரு மரக் கரண்டி, இரண்டு பக்க விளக்கத்தாள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதாம் எண்ணெய் நன்றாக இருந்தது, காறல் வாடை இல்லை. ஷியா பட்டர் சுத்திகரித்தது, விரல் சூட்டில் மணல் மணலாக இல்லாமல் உருகியது. கண்ணாடி டப்பாக்கள் கனமானவை, கொதிநீரில் போட்டெடுத்தாலும் விரிசல் விடவில்லை. இந்த மூன்றுக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். பெட்டியைத் திறந்தபோது மகளின் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கும் அந்த அழகான பேக்கிங்தான் காரணம்.

வம்பு விளக்கத்தாளில் ஆரம்பித்தது. 100 கிராம் க்ரீமுக்கு எமல்சிஃபையர் 2 டேபிள் ஸ்பூன், நியாசினமைடு 2 டீஸ்பூன், பிரிசர்வேட்டிவ் 1 டீஸ்பூன், எலுமிச்சை ஆயில் 30 முதல் 40 துளி, ‘வாசனை பிடித்தால் இன்னும் சேர்க்கலாம்’. ஒரு இடத்தில்கூட கிராம் இல்லை, சதவீதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்பில் இரண்டு பாத்திரம் வைத்து, தாளில் சொன்னது சொன்னபடியே செய்தோம். க்ரீம் வெண்ணெய் மாதிரித் திரண்டு வந்தது. வீடு முழுக்க எலுமிச்சை வாசம்.

அன்று ராத்திரி இருவரும் பூசினோம். எனக்கு ஒரு நிமிடத்துக்குள் மூக்கோரத்திலும் உதட்டுக்கு மேலேயும் சுரீரென்று எரிந்தது. மிளகாய் நறுக்கிய கையை வைத்த மாதிரி. கழுவியதும் அடங்கியது, ஆனால் காலையில் அந்த இடம் வறண்டு, இழுத்துப் பிடித்து, செதில் செதிலாக இருந்தது. மகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ‘உங்களுக்குத்தாம்மா செட் ஆகல’ என்று சொல்லி அவள் காலை மாலை இரண்டு வேளையும் பூசிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை கண்ணாடி முன்னால் நின்று, ‘அம்மா, இங்க வாங்களேன்’ என்று கூப்பிட்டாள். இரண்டு மேலிமையும் உப்பி, கண் பாதிதான் திறந்தது. கழுத்தில் காலர் படும் இடத்தில் சிவந்த பொடிப்பொடித் தடிப்பு. எரிச்சல் இல்லை, ஆனால் தாங்க முடியாத அரிப்பு. க்ரீமை அவள் இமையில் பூசவே இல்லை. கன்னத்தில் பூசிய விரலால் கண்ணைத் தேய்த்திருப்பாள், அவ்வளவுதான்.

கடைக்குப் போன் போட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ‘மேடம், எல்லாமே நேச்சுரல். புதுசா போடறப்ப ஸ்கின் அப்படித்தான் அட்ஜஸ்ட் ஆகும். நிறுத்தாம ரெண்டு வாரம் போடுங்க, சரியாயிடும்’ என்றார். இந்த விமர்சனத்தில் கடைமேல் எனக்கு இருக்கும் கோபம் எல்லாம் இந்த ஒரு பதிலுக்குத்தான். தடித்து அரிக்கும் தோலில் அதே பொருளை மறுபடி பூசச் சொல்வது தப்பு. அலர்ஜி என்றால் பூசப் பூச ஏறும், இறங்காது. என் மகள் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

எதிர் வீட்டு அக்கா ஒரு ட்யூபைக் கொண்டுவந்து நீட்டினார். மெடிக்கலில் வாங்கியதாம், ‘ஒரே ராத்திரியில வெளுத்துடும்’ என்றார். திருப்பிப் பார்த்தால் ஸ்டீராய்டு களிம்பு. வேண்டாங்க்கா என்று சொல்லிவிட்டேன். இந்த மாதிரிக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதியை இறுக்கினார்கள், ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகச் சிவக்கும். அக்கா நல்ல மனதோடுதான் கொடுத்தார். அதனால்தான் இதைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதுகிறேன்.

முதலில் எல்லாவற்றையும் நிறுத்தினோம். பச்சைத் தண்ணீரில் முகம் கழுவுவது, வாசனை சேர்க்காத வெள்ளை வாஸ்லின் மெல்லிசாக, அவ்வளவுதான். என் மாமியார் பாசிப்பயறு மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துக் கொண்டுவந்தார். புண்பட்ட தோலில் எதுவும் வேண்டாம் அத்தை, ஆறட்டும் என்றேன். பத்து நாள் இப்படியே போனது. அவசரப்பட்டு அந்தப் பத்து நாளுக்குள் சோதனை ஆரம்பித்திருந்தால் நல்ல பொருளும் எரிந்திருக்கும், எதுவும் தெரிந்திருக்காது.

இருவருக்கும் வந்தது ஒரே கோளாறு இல்லை என்பது அந்தப் பத்து நாளில் தெளிவானது. எனக்குப் பூசிய உடனே எரிந்தது, பூசிய இடத்தில் மட்டும், கழுவினால் குறைந்தது, பின்னால் வறண்டு உரிந்தது. அது நேரடி உறுத்தல். பொருள் வீரியமாக இருந்தால் யார் தோலுக்கும் வரக்கூடியது. அவளுக்கு உடனே ஒன்றும் இல்லை, இரண்டு நாள் கழித்து அரிப்போடு வந்தது, பூசாத இடத்துக்கும் பரவியது. அது அலர்ஜி. அந்தப் பொருளை ஏற்கெனவே அடையாளம் வைத்திருக்கும் உடம்புக்கு மட்டும் வருவது. ஒரே டப்பா க்ரீம், இரண்டு முகம், இரண்டு வேறு குற்றவாளிகள். இதைப் பிரித்துப் பார்க்காமல் தேடியிருந்தால் நான் ஒன்றைப் பிடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்திருப்பேன்.

என் பக்கத்தை லேப்பில் பார்த்தேன். டையிங் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு மதிய இடைவேளையில் நம் தராசில் எடை போட்டேன். 0.01 கிராம் வரை காட்டும் தராசு அது. வீட்டுச் சமையல் தராசில் ஒரு கிராமுக்குக் கீழே தெரியாது, க்ரீம் வேலைக்கு அது உதவாது. விளக்கத்தாள் சொன்ன 2 டீஸ்பூன் நியாசினமைடு 6.4 கிராம் வந்தது. கடைகளில் விற்கும் க்ரீம்களில் இது பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம் இருக்கும், 10 சதவீத சீரமும் உண்டு. கூடுதல்தான், ஆனால் இவ்வளவு எரிய இது போதாது. பிஎச் பேப்பர் 6-க்குப் பக்கத்தில் காட்டியது. தோலின் மேற்பரப்பு சுமார் 5, அதனால் பிஎச்மேல் பழி போட வழியில்லை.

பிரிசர்வேட்டிவ் 1 டீஸ்பூனை ஊற்றி எடை போட்டபோது 5.4 கிராம்.

அது என்ன பொருள் என்று கடையிடம் கேட்டு வாங்க 9 நாள் ஆனது. வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார்கள். பினாக்ஸி எத்தனால். நல்ல பொருள்தான், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஐரோப்பிய விதிப்படி அழகுசாதனத்தில் அதற்கு உச்ச அளவு 1 சதவீதம். விளக்கத்தாள் சொன்னது அதைப்போல 5 மடங்குக்கும் மேல். சாயத்தில் இப்படி 5 மடங்கு போட்டால் அந்த லாட்டையே குப்பையில் கொட்ட வேண்டும். புட்டியில் பெயரும் ‘100 கிராமுக்கு 1 கிராம்’ என்ற ஒரு வரியும் இருந்திருந்தால் போதும். அந்த ஒரு வரியைத்தான் அவர்கள் அச்சடிக்கவில்லை.

சரி, பிடித்துவிட்டோம் என்று நினைத்து, 1 கிராம் மட்டும் போட்டு 100 கிராம் க்ரீம் மறுபடி செய்தேன். எரிச்சல் பாதியாகக் குறைந்தது. போகவில்லை.

அதற்கப்புறம்தான் முறையாகச் செய்தேன். 20 கிராம் அளவில் நான்கு சின்னக் கப். முதல் கப்பில் டிஸ்டில்டு வாட்டர், எண்ணெய், ஷியா, எமல்சிஃபையர் மட்டும். வாசனை, நியாசினமைடு, பிரிசர்வேட்டிவ் எதுவும் இல்லை. இரண்டாவதில் அதோடு பிரிசர்வேட்டிவ், மூன்றாவதில் அதோடு நியாசினமைடு, நான்காவதில் கிளிசரின். பிரிசர்வேட்டிவ் இல்லாத கப்பை இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தேன், தண்ணீர் சேர்ந்த க்ரீம் அதற்குமேல் நம்பத் தகுந்தது இல்லை. முன்னங்கையின் உள்பக்கம் பேனாவால் வட்டம் போட்டு, ஒரு வட்டத்துக்கு ஒரு கப். கையில் எதுவும் தெரியவில்லை. கைத்தோல் முரடு, மூக்கோரம் அப்படி இல்லை. அங்கே ஒரு அரிசி அளவு வைத்தேன். முதல் கப்பே எரிந்தது.

வெறும் எண்ணெயும் ஷியாவும் தண்ணீரும் எமல்சிஃபையரும். எண்ணெயையும் ஷியாவையும் தனியாகப் பூசினால் எரியவில்லை. அப்படியென்றால் மிச்சம் ஒன்றுதான். கடை அனுப்பிய போட்டோவில் அதற்கு ‘எமல்சிஃபையிங் வாக்ஸ்’ என்று இருந்தது. இந்த ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள் சந்தையில் இருக்கிறது. அமெரிக்க மருந்துத் தர நூலான என்எஃப் (நேஷனல் ஃபார்முலரி) தரத்தில் வருவது செட்டியரில் ஆல்கஹாலும் பாலிசார்பேட்டும் சேர்ந்தது. பிரிட்டனின் மருந்துத் தர நூலான பிரிட்டிஷ் பார்மகோபியா தரத்தில் வருவது செட்டோஸ்டியரில் ஆல்கஹாலோடு 10-க்கு 1 பங்கு சோடியம் லாரில் சல்ஃபேட் சேர்ந்தது. ஷாம்பூவில் நுரைக்காகப் போடும் அதே பொருள். தோல் ஆராய்ச்சியில் வேண்டுமென்றே உறுத்தல் உண்டாக்கிப் பார்க்க அதைத்தான் பயன்படுத்துவார்கள். அந்த வாக்ஸில் செய்யும் ‘ஆக்வியஸ் க்ரீம்’ எக்ஸிமா (தோல் அழற்சி) உள்ள குழந்தைகளின் தோலை உறுத்தலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரிக்கை விட்டது. கழுவிவிடும் பொருளில் அது இருந்தால் வேறு கதை. ராத்திரி முழுக்க முகத்தில் இருக்கும் க்ரீமில் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் என்னைப் போன்ற தோல் என்ன செய்யும்?

சந்தேகத்தோடு விடாமல் உறுதிசெய்ய எங்கள் லேப்பிலேயே வழி இருந்தது. சோப்பு ஆயில், துணியை நனைய வைக்கும் வெட்டிங் ஏஜென்ட் எல்லாம் எந்த வகை என்று பார்க்க நாங்கள் மெத்திலீன் புளூ சோதனை செய்வோம். அமிலம் சேர்த்த மெத்திலீன் புளூ கரைசல் மேலே, குளோரோபார்ம் கீழே. கலந்தாலும் இரண்டும் தனித்தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும். நீலம் மேலே, கீழே கண்ணாடி மாதிரித் தெளிவு. அதில் கிட்டின் வாக்ஸை வெந்நீரில் கரைத்து நான்கு சொட்டு விட்டுக் குலுக்கி ஸ்டாண்டில் வைத்தேன். பிரிய கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் மேலிருந்து கழன்று, இழை இழையாக இறங்கி, கீழடுக்கில் போய்க் குடியேறியது. லாரில் சல்ஃபேட் வகைப் பொருள் இருந்தால்தான் நீலம் அப்படிக் கீழே இறங்கும். பக்கத்துக் குழாயில் கோவையில் வேறொரு கடையில் வாங்கிய வாக்ஸ், பாக்கெட்டிலேயே ‘செட்டியரில் ஆல்கஹால், பாலிசார்பேட் 60’ என்று அச்சடித்தது. அந்தக் குழாயில் நீலம் மேலேயே நின்றது. 14 வருடத்தில் நூறு தடவை பார்த்த சோதனைதான், அன்றைக்கு மட்டும் கை நடுங்கியது.

வீட்டில் யாரும் இதைச் செய்ய வேண்டாம், குளோரோபார்ம் விளையாட்டுப் பொருள் இல்லை. வாங்கும்போதே ‘எமல்சிஃபையரில் என்ன இருக்கிறது, லாரில் சல்ஃபேட் உண்டா’ என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள். வாக்ஸை மாற்றிச் செய்த க்ரீம் மூக்கோரத்தில் எரியவில்லை. அன்று முதல் இன்று வரை எரியவில்லை.

மகளின் விஷயத்தில் நான் லேப் வேலை எதுவும் செய்யவில்லை. கோவையில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் க்ரீமை முகர்ந்து பார்த்ததுமே ‘இதுவாக இருக்கலாம், ஆனால் ஊகம் வேண்டாம்’ என்று சொல்லி, வீக்கத்துக்கு ஒரு வாரத்துக்கு மருந்து எழுதினார். முகம் முழுக்க ஆறிய பிறகு பேட்ச் டெஸ்ட். 1,800 ரூபாய் ஆனது. முதுகில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் கொண்ட டேப் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு பொருள், நம் நாட்டுக்கென்று தேர்ந்தெடுத்த வரிசை. நிக்கல், ஹேர் டையில் வரும் பிபிடி, கம்பளிக் கொழுப்பு, வாசனைக் கலவை, ரோட்டோரத்துப் பார்த்தீனியம் வரைக்கும் அதில் இருக்கிறது. 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், பிறகு இன்னும் இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை. இரண்டாவது தடவைதான் முக்கியம், தாமதமாக வருவது அப்போதுதான் தெரியும். ஏப்ரல் வெயிலில் நான்கு நாள் முதுகு நனையாமல், வியர்க்காமல் இருக்க வேண்டும். அவள் மின்விசிறிக்குக் கீழே குப்புறப் படுத்தே செமஸ்டருக்குப் படித்தாள்.

நான்காம் நாள் முதுகில் ஒரே ஒரு வட்டத்தில் மட்டும் சிவந்து, தொட்டால் மேடு தட்டும்படி பொடித்திருந்தது. வாசனைக் கலவை.

எட்டாம் வகுப்பிலிருந்து பாடி ஸ்ப்ரே அடிக்கிற பிள்ளை. வாசனைப் பொருளுக்கு உடம்பு எப்போதோ பழகி, எதிர்க்கக் கற்றுக்கொண்டிருக்கும், க்ரீம் அதை வெளியே காட்டிவிட்டது என்றார் டாக்டர். இயற்கை எண்ணெய்தானே டாக்டர் என்று கேட்டேன். எலுமிச்சை எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். அது காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேரும்போது உண்டாகும் பொருட்கள்தான் தோலுக்கு ஆகாதவை என்று விளக்கினார். எங்கள் புட்டி நிறமில்லாத கண்ணாடி. தேதி இல்லை. அடுப்பு ஜன்னலோரம் மூன்று வாரம் இருந்தது. இருட்டில் வை, இறுக மூடி வை என்று தாளில் ஒரு வார்த்தை கிடையாது. 40 துளியை எடை போட்டால் ஒரு கிராம். முகத்தில் விட்டுவிடும் க்ரீமுக்கு அதில் பாதிகூட அதிகம், அதிலும் ‘பிடித்தால் இன்னும் சேர்க்கலாம்’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள்.

ரோஸ் வாட்டரையும் விடச் சொன்னார். அது எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர்தானே என்று நினைத்திருந்தேன். அதில் இருப்பதும் வாசனைப் பொருள்தான், ரோஜாவிலிருந்து வந்தாலும் சரி, பாக்டரியிலிருந்து வந்தாலும் சரி. எலுமிச்சையை மட்டும் நீக்கிவிட்டு ரோஸ் வாட்டரோடு மறுபடி செய்திருந்தால் இமை திரும்பவும் வீங்கியிருக்கலாம். இன்னொன்றும் சொன்னார்: எசென்ஷியல் ஆயிலை அப்படியே எடுத்துக் கையில் தடவி நீங்களே ‘டெஸ்ட்’ பண்ணாதீர்கள், அலர்ஜி இல்லாதவருக்கும் அதனால் வந்துவிடலாம்.

என் நாத்தனாரும் இதே கிட்டை வாங்கியிருந்தார். தாளின் பின்பக்கம் ‘ரோஸ் வாட்டருக்குப் பதில் வீட்டுக் கற்றாழையும் சேர்க்கலாம், வைட்டமின் ஈ மாத்திரை இருந்தால் பிரிசர்வேட்டிவ் தேவையில்லை’ என்று இருக்கிறது. அதன்படி செய்தார். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை வடியவிடாமல் அப்படியே மிக்ஸியில் அடித்துவிட்டார். அந்தப் பால் பட்டால் பலருக்கும் அரிக்கும். வெட்டிய மடலைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து, நன்றாகக் கழுவினால்தான் போகும். அதோடு விட்டதா? ஆறாம் நாள் மூடியின் உள்பக்கம் கறுப்புப் புள்ளி. வைட்டமின் ஈ எண்ணெய் காறாமல் காக்கும், பூஞ்சையையும் பாக்டீரியாவையும் அதற்குத் தடுக்கத் தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாள்தான் தள்ளிப்போகும். நல்லவேளை, மூடியைத் திறந்ததும் வாடையை வைத்தே கண்டுபிடித்துக் கொட்டிவிட்டார். அந்த இரண்டு வரிகளை நீக்கச் சொல்லியும் கடைக்கு எழுதினேன்.

கடையின் சேவைக்கு வருகிறேன். பார்சல் மூன்று நாளில் வந்தது, எதுவும் உடையவில்லை. பணம் திருப்பிக் கேட்டேன், சீல் உடைத்தால் திருப்ப முடியாது என்றார்கள். சீல் உடைக்காமல் எப்படிச் செய்து பார்ப்பது? எடைக் கணக்கு, டாக்டர் ரிப்போர்ட்டின் நகல், மெத்திலீன் புளூ குழாயின் போட்டோ எல்லாம் சேர்த்து மெயில் அனுப்பினேன். ‘உங்கள் கருத்தைக் குழுவுக்குத் தெரிவித்துள்ளோம்’ என்று ஒரு வரி வந்தது. போன வாரம் பார்த்தேன், தளத்தில் அதே படம், அதே விளக்கத்தாள்.

தயார் க்ரீம் வாங்கினால் டப்பாவில் சேர்மானப் பட்டியல், பேட்ச் எண், தேதி, தயாரிப்பு உரிம எண் என்று ஏதாவது பிடித்துக்கொள்ள இருக்கும். அலர்ஜி வந்தால் டாக்டரிடம் அந்த டப்பாவையே காட்டலாம். கெமிக்கல் தெரியாத க்ரீம் வேண்டாம் என்று சொல்லித்தான் என் மகள் கிட் வாங்கினாள். கடைசியில் எதில் என்ன இருக்கிறது என்று எழுதாத ஒரே பொருள் இந்தக் கிட்தான்.

5-க்கு 2 தருகிறேன். பாதாம் எண்ணெய்க்கும் ஷியாவுக்கும் டப்பாவுக்கும் அந்த 2. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எண்ணெயையும் ஷியாவையும் கை காலுக்குப் பூசித் தீர்த்துவிடலாம், வீணாக்க வேண்டாம். எமல்சிஃபையரையும் எலுமிச்சை ஆயிலையும் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நாங்கள் இப்போது செய்யும் 100 கிராம் கணக்கு இது: டிஸ்டில்டு வாட்டர் 73, கிளிசரின் 4, பாலிசார்பேட் வாக்ஸ் 6, பாதாம் எண்ணெய் 12, ஷியா 4, பிரிசர்வேட்டிவ் 1. எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதனால் டிஸ்டில்டு தவிர வேறு கிடையாது. எண்ணெய்ப் பாத்திரமும் தண்ணீர்ப் பாத்திரமும் இரண்டும் 75 டிகிரி வந்ததும் சேர்த்து, ஆறும்வரை கலக்கி, 40 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பிரிசர்வேட்டிவ். எல்லாம் கிராமில், கரண்டி கிடையாது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றை 700 ரூபாய்க்கு வீட்டுக்கே வாங்கிவிட்டேன். டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டித் தேதியும் சேர்மானமும் எழுதுவது மகளின் வேலை. வாசனை இல்லை. முதலில் ‘மெழுகுவர்த்தி மாதிரி வாடை அடிக்குதும்மா’ என்றாள், இப்போது சொல்வதில்லை.

நியாசினமைடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு, தண்ணீரில் 2 குறைத்து அதை 2 கிராம் சேர்த்துப் புதுக் கப் ஒன்று போட்டிருக்கிறோம். முழங்கை மடிப்பில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு, காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, பத்து நாள். இன்றோடு நான்காம் நாள். தினமும் காலையில் கையை நீட்டிக்கொண்டு அடுப்படிக்கு வருகிறாள், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். இதுவரை தோல் தோலாகவே இருக்கிறது. இன்னும் ஆறு நாள் போக வேண்டும், அதற்கப்புறம்தான் முகம்.